எலுமிச்சைக் கிளையில் ஒரு கொலை வழக்கு

குளத்தங்கரையில் ஒரு காட்டு எலுமிச்சை மரம். அந்த மரத்தில் துரைக்கண்ணு என்று ஒரு குரங்கு இருந்தான். அவனிடம் ஒரு கேமரா இருந்தது.

குரங்குக்கு ஏது கேமரா என்று கேட்கிறீர்களா? படம் பிடிக்க வந்த ஒரு மனிதரை யானை துரத்தியது. உயிர் தப்பினால் போதும் என்று அவர் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடினார். வெயிலில் வைத்தால் சார்ஜ் ஏற்றும் சின்னத் தகடு ஒன்றும் கேமராவோடு கிடந்தது. துரைக்கண்ணு இரண்டையும் எடுத்துக்கொண்டான். எந்தப் பொத்தானை அழுத்தினால் படம் பிடிக்கும், எதை அழுத்தினால் பிடித்த படம் விறுவிறுவென்று ஓடும் என்று நான்கே நாளில் கற்றுக்கொண்டான். கெட்டிக்காரன்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவனுக்குத் தரையில் கால் பாவவில்லை.

ஒரு நாள் காலையில் அஞ்சலை என்ற வண்ணத்துப்பூச்சி அவனைத் தேடி வந்தாள். ஒரு கொழுந்து இலையின் மேல் உட்கார்ந்து, குண்டூசித் தலை அளவுக்கு ஒரு முட்டை வைத்தாள். வெளிர் மஞ்சளில் முத்துப் போல அது மினுங்கியது.

"அண்ணே! நான் வெச்ச முட்டையெல்லாம் எறும்பு தின்னுடுச்சு. மிச்சம் இருக்கிறது இது ஒண்ணுதான்" என்றாள் அஞ்சலை. "இதை நீ பார்த்துக்கணும். இது பிறந்து வளர்றதைக் கிட்ட வெச்சுப் படம் பிடிக்கணும். எனக்கு ஆயுசு கொஞ்சம். என் பிள்ளை முகத்தைப் படத்துலயாவது பார்த்துட்டுப் போறேன்!"

துரைக்கண்ணு நெஞ்சை நிமிர்த்தினான். "நீ கவலையே படாதே, தங்கச்சி! உன் பிள்ளை என் பொறுப்பு. ஆமா, உள்ளேயிருந்து என்ன வரும்?"

"தெரியலையே அண்ணே. நான் பிறந்தது எனக்கே ஞாபகம் இல்லை. கண்ணைத் திறந்தேன், றெக்கை இருந்துச்சு. அவ்வளவுதான்."

"இதுல தெரியறதுக்கு என்ன இருக்கு! குரங்குக்குக் குட்டிக் குரங்கு பிறக்குது. உனக்குக் குட்டி அஞ்சலை பிறக்கும். சின்ன றெக்கை, சின்னக் கால். போய்ட்டு வா!"

அஞ்சலை நிம்மதியாகப் பறந்து போனாள்.

துரைக்கண்ணு கேமராவை முட்டைக்கு மூக்கு முட்டும் தூரத்தில் வைத்தான். பொத்தானை அழுத்தினான். பார்த்தான், பார்த்தான், பார்த்துக்கொண்டே இருந்தான். முட்டை சும்மா இருந்தது.

"சும்மா இருக்கிறதை எதுக்குப் படம் பிடிக்கணும்? சார்ஜ்தான் வீண்!" என்று பொத்தானை அணைத்தான். அத்திப்பழம் தின்னப் போய்விட்டான். இதுதான் அவன் தொழில் ரகசியம். ஏதாவது நடந்தால் எடுப்பான், நடக்காவிட்டால் அணைத்துவிடுவான். "தேவையில்லாத ஒரு துளி என் படத்துல இருக்காது!" என்று காடு முழுக்கப் பீற்றிக்கொண்டும் திரிந்தான்.

மூன்றாம் நாள் அத்திப்பழம் தின்றுவிட்டு வந்து பார்த்தால், முட்டையைக் காணோம்!

முட்டை இருந்த இடத்தில் ஒரு சின்னப் பறவை எச்சம் கிடந்தது. கறுப்பும் வெள்ளையுமாக, ஈரமாக, பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

"யாருடி அது என் இலையில எச்சம் போட்டது?" என்று கத்தினான்.

அடுத்த கிளையில் தவிட்டுக்குருவிகள் ஏழும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அவை சும்மா இருக்கிற ரகமா? ஏழும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தன.

"நாங்க இல்லை!"

"நாங்க போட்டா இவ்வளவு சின்னதாவா போடுவோம்?"

"எங்களைப் பார்த்து என்ன பேச்சு பேசுறான் பாரு!"

துரைக்கண்ணு எச்சத்தைச் சுண்டிவிட விரலை மடக்கினான்.

"ஐயோ, நிறுத்து! அது நடக்குதுடா!" என்று அலறியது ஒரு குருவி.

குனிந்து பார்த்தான். உண்மைதான். எச்சம் மெல்ல மெல்ல நடந்து இலையின் ஓரத்துக்குப் போனது. இலையைக் கடித்தது. துரைக்கண்ணு கேமராவின் கண்ணை வாலால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான். எச்சம் இன்னும் தின்றுகொண்டிருந்தது. எச்சம் எங்கேயாவது இலை தின்னுமா? முட்டை எங்கே போனது? அவனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"முட்டை எங்காவது உருண்டு போயிருக்கும். கிடைக்கிற வரைக்கும் இதைப் பிடிப்போம்" என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். பத்து நாள் அந்த எச்சத்தைப் படம் பிடித்தான். அது தின்றது, பெருத்தது, மறுபடி தின்றது. பதினோராம் நாள் தின்பதை நிறுத்திவிட்டு அசையாமல் உட்கார்ந்தது.

"தூங்குது. தூங்கறதை எவன் பார்ப்பான்?" என்று பொத்தானை அணைத்தான். போனான். வந்தான்.

எச்சத்தைக் காணோம்! அதே இடத்தில் கொழுகொழுவென்று ஒரு பச்சைப் புழு உட்கார்ந்திருந்தது. அதன் வாயில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு தோல் தொங்கியது. அதைச் சவைத்துச் சவைத்து விழுங்கிக்கொண்டிருந்தது.

துரைக்கண்ணு சட்டென்று பொத்தானை அழுத்திப் படம் பிடித்தான். அவனுக்கு ரத்தம் கொதித்தது. "அடப்பாவி! யாருடா நீ?"

"தெரியலை, மாமா" என்றது புழு.

"மாமாவா? யாருக்கு யாருடா மாமா? வாயில என்ன?"

"தோலு, மாமா. பசிச்சுது."

"இலை மேல ஒரு முட்டை இருந்துச்சே, அது எங்கே?"

"அந்த ஓடா? அதையும் நான்தான் தின்னேன். நல்லா இருந்துச்சு!"

தவிட்டுக்குருவிகள் ஏழும் "ஐயையோ!" என்று ஒன்றாகக் கத்தின. சத்தத்தில் புழு மிரண்டுவிட்டது. உடனே அதன் நெற்றியிலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பு நீண்டு வந்தது. குப்பென்று ஒரு நாற்றமும் கிளம்பியது.

"கொம்பு! கொம்பு! பிசாசேதான்!" என்று குருவிகள் பறந்து எழுந்தன.

"அவங்க ரெண்டு பேரையும் ஏண்டா தின்னே?" என்றான் துரைக்கண்ணு, மூக்கைப் பொத்திக்கொண்டு.

"யாரு ரெண்டு பேரு? இங்க நான் மட்டும்தானே இருந்தேன்!" என்றது புழு. அதற்கும் ஒன்றும் புரியவில்லை. பாவம், அழ ஆரம்பித்துவிட்டது.

அன்றைக்கே வழக்கு நடந்தது. துரைக்கண்ணு எல்லோரையும் கூட்டி வைத்துப் படத்தை ஓட்டிக் காட்டினான். படத்தில் முட்டை வந்தது. பிறகு எச்சம் வந்தது. பிறகு பச்சைப் புழு தோலைத் தின்றது. நடுவில் ஒன்றுமே இல்லை. அணைத்து வைத்த நேரத்தில் என்ன நடந்தது என்று யாரும் கேட்கவும் இல்லை.

"படம் பொய் சொல்லுமா? இவனே வாயால ஒத்துக்கிட்டான்! இவன் கதையை முடிச்சுட வேண்டியதுதான்!" என்றான்.

"டைரக்டர் ஐயா சொன்னா சரியாத்தான் இருக்கும்!" என்று மரத்தின் அடியிலிருந்து ஒரு குரல் வந்தது. சடையன் என்ற ஓணான் நாக்கைச் சப்புக்கொட்டியபடி மேலே ஏறி வந்தான். "அந்தச் சிரமம் உங்களுக்கு எதுக்கு? நான் எதுக்கு இருக்கேன்? ஒரே வாய்!"

புழு கொம்பை நீட்டியது, சுருக்கியது, மறுபடி நீட்டியது. சடையனுக்கு நாற்றம் ஒரு பொருட்டா? வாயைத் திறந்துவிட்டான்.

அந்த நேரம் பார்த்து அஞ்சலை வந்தாள். இறக்கை ஓரமெல்லாம் கிழிந்து போயிருந்தது. தட்டுத் தடுமாறித்தான் பறந்தாள்.

"அண்ணே, என் முத்து எங்கே?" என்று கேட்டாள்.

துரைக்கண்ணு படத்தை ஓட்டிக் காட்டினான். அஞ்சலை முழுவதும் பார்த்தாள். அந்தப் பச்சைப் புழுவையும் பார்த்தாள். அது யாரென்று அவளுக்கும் தெரியவில்லை. இலை மேல் விழுந்து அழுதாள்.

"அழாதே, தங்கச்சி. இப்பவே உனக்கு நியாயம் கிடைக்கும். சடையா, ஆகட்டும்!"

"வேண்டாம்!" என்றாள் அஞ்சலை.

"என்னது, வேண்டாமா? உன் பிள்ளையைத் தின்னவன்!"

"இதைக் கொன்னா என் முத்து திரும்ப வந்துடுமா, அண்ணே? இதையும் ஒருத்தி பெத்துப் போட்டிருப்பா. எந்த மரத்துல உட்கார்ந்து இது முகத்தை நினைச்சுட்டு இருக்காளோ! என் வயிறு எரியற மாதிரி அவ வயிறும் எரியணுமா? விட்டுடு. இதை யாரும் தொடக்கூடாது. எனக்குச் சத்தியம் பண்ணு!"

துரைக்கண்ணு வேண்டா வெறுப்பாகச் சத்தியம் செய்தான். சடையன் முனகிக்கொண்டே கீழே இறங்கினான். அஞ்சலை திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டாள்.

"இனி எனக்கு எதுக்கு இந்தப் பாழாய்ப்போன கேமரா!" என்று துரைக்கண்ணு அதைத் தூக்கி வீசினான். அது புழு இருந்த பக்கம் பார்த்தபடி இரண்டு கிளைகளுக்கு நடுவில் போய்ச் சிக்கிக்கொண்டது. அதோடு கட்டியிருந்த தகட்டில் வெயில் பட்டுக்கொண்டிருந்தது. வீசிய வேகத்தில் படம் பிடிக்கும் பொத்தான் அழுந்தியதைக் கோபத்தில் அவன் கவனிக்கவில்லை.

நான்கு நாள் கழித்துப் பார்த்தால், புழுவைக் காணோம்! கிளையில் இலைச்சுருள் மாதிரி ஏதோ ஒன்று, இடுப்பில் நூல் கட்டிக்கொண்டு ஒட்டியிருந்தது. துரைக்கண்ணு நேரே கீழே குதித்துச் சடையனின் வாலைப் பிடித்தான்.

"என் சத்தியத்தைக் கெடுத்துட்டியேடா! தின்னுட்டியா?"

"ஐயா, உங்க மேல ஆணை! வாயில படவே இல்லை! அந்த ஏழு பேரைக் கேளுங்க!"

"எங்களை ஏன்டா இழுக்கிறே?" என்று குருவிகள் ஏழும் சண்டைக்கு வந்தன. மூன்று குருவிகள் ஓணான்தான் தின்றான் என்றன. இரண்டு, துரைக்கண்ணுவே தின்றிருப்பான் என்றன. மிச்சம் இரண்டு, யார் யாரைத் தின்றார்கள் என்று முதலிலிருந்து விசாரித்தன. எட்டு நாள் அந்த மரத்தில் இதே கூச்சல்தான். துரைக்கண்ணுவுக்கு அத்திப்பழம்கூட இறங்கவில்லை. முட்டை போனது, எச்சம் போனது, புழுவும் போனது. அவன் காவல் காத்த லட்சணம் இதுதானா என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது.

ஒன்பதாம் நாள் காலையில், அந்த இலைச்சுருள் இருந்த கிளையில் ஒரு வண்ணத்துப்பூச்சி உட்கார்ந்திருந்தது. கறுப்பில் மஞ்சள் புள்ளி, கீழே ஒரு சிவப்புப் பொட்டு. இறக்கை மட்டும் ஈரமாகக் கசங்கி இருந்தது.

"அஞ்சலை! எப்ப வந்தே? மழையில நனைஞ்சியா?" என்றான் துரைக்கண்ணு.

"யாரு அஞ்சலை? நான்தான், மாமா!"

அந்த 'மாமா' அவனுக்கு எங்கேயோ கேட்ட குரலாக இருந்தது. அவன் மேலே பார்த்தான். சிக்கிக் கிடந்த கேமராவில் சின்ன விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது! தாவிப் போய் எடுத்தான். பொத்தானை அழுத்தினான்.

படம் ஓடியது. பச்சைப் புழு கிளையில் ஏறியது. இடுப்பில் நூலைச் சுற்றிக்கொண்டது. தோலை உரித்தது. உள்ளே அந்த இலைச்சுருள் இருந்தது. பிறகு நெடுநேரம் ஒன்றுமே நடக்கவில்லை. இந்த முறை துரைக்கண்ணு கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் சுருள் வெடித்தது. கறுப்பும் மஞ்சளுமாக ஓர் இறக்கை வெளியே வந்தது.

"அப்படின்னா அந்தப் புழு... அந்த எச்சம்... அந்த முட்டை... ஐயோ, எல்லாம் ஒரே பிள்ளை!"

கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினான். அஞ்சலை குளத்தோரத்து ஈரமண்ணில் சாய்ந்து கிடந்தாள். எழுந்திருக்கவே தெம்பில்லை. துரைக்கண்ணு அவள் முன்னால் மண்டியிட்டுப் படத்தை ஓட்டினான். அஞ்சலை பார்த்தாள். மறுபடி ஓட்டச் சொல்லிப் பார்த்தாள்.

"அண்ணே... அன்னைக்கு நான் விட்டுடச் சொன்னது, என் முத்தையா?"

"ஆமா, தங்கச்சி."

அதற்குள் அந்தக் குட்டி, இறக்கை காய்ந்து, பறந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தது. "அன்னைக்கு என்னைக் காப்பாத்துனது நீங்கதானே?" என்று கேட்டது. அஞ்சலை தன் கிழிந்த இறக்கையை அதன் மேல் போர்த்தினாள். சிரித்தாள், அழுதாள். எது என்று சொல்ல முடியவில்லை.

பிறகு தலையைத் தூக்கித் துரைக்கண்ணுவைப் பார்த்தாள். குரலில் கோபம் இல்லை.

"அண்ணே, அன்னைக்கு நான் அரை நாழி தாமதமா வந்திருந்தா, இன்னைக்கு எனக்கு எந்தப் படத்தைக் காட்டியிருப்பே?"

துரைக்கண்ணு கேமராவைத் தரையில் வைத்தான். தலையைக் குனிந்துகொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

பாதியை மட்டும் பார்த்துவிட்டு முழுவதற்கும் தீர்ப்புச் சொல்கிறவன், தான் காப்பாற்ற வேண்டியதையே கொல்லத் துணிந்துவிடுவான்.