நாலு நிமிஷ மௌனம்

தத்துவப் படம் எடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். டைரக்டர் ஆத்மநேசனின் படத்தில் ஒரு காலி நாற்காலி நாலு நிமிஷம் வருகிறது. சத்தமே கிடையாது. ஒலி சேர்க்கும் மிக்ஸிங் தியேட்டரில் அதைப் பார்த்த தயாரிப்பாளர் செங்கோடப்பனுக்கும் எங்கேயோ இடித்தது.

"இதுல ஹீரோ எங்கே தம்பி?"

"அது கடவுள் எழுந்து போன நாற்காலி சார். பிரபஞ்சத்தோட மௌனம். கலை தெரிஞ்சவங்களுக்குத்தான் புரியும்."

சவுண்ட் அசிஸ்டெண்ட் ஜெயராணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டைரக்டர் பார்த்துவிட்டார்.

"என்னம்மா சிரிப்பு? அந்த மௌனத்துக்கு அர்த்தம் சொல்லு பார்ப்போம். சொல்லலேன்னா நாளைலேருந்து வேலைக்கு வராதே."

"நான் எதுக்கு சார்? அதையே பேச விட்டுடலாம்."

அந்தக் காட்சியில் ஷூட்டிங்கின்போது பதிவான சத்தத்தை முழுக்க அணைக்கச் சொன்னவர் டைரக்டர்தான். ஜெயராணி அதை மெல்ல ஏற்றினாள்.

காலி நாற்காலிக்குப் பின்னாலிருந்து டைரக்டரின் குரல் கணீரென்று கேட்டது: "ஹீரோ இன்னிக்கும் வரலையா? பரவால்ல, கேமரா ஓடட்டும். செங்கோடப்பன் கேட்டா தத்துவம்னு சொல்லிக்கலாம்."