கேமராக்கார அண்ணாச்சியும் மகள் போன் பூட்டும்

தென்காசிப் பக்கம் வீடுகளுக்கும் கடைகளுக்கும் கேமரா மாட்டுகிற செண்பகராமனுக்கு ஒரு கொள்கை உண்டு. கண்ணில் படாத இடத்தில்தான் கேடு நடக்கும் என்பார். நகைக்கடை வாசலிலிருந்து மாட்டுக்கொட்டகை வரைக்கும் அவர் கேமரா மாட்டாத மூலை அந்த வட்டாரத்தில் குறைவு. அப்பேர்ப்பட்ட மனுஷர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முகம் செத்துப்போய் மடத்துக்கு வந்தார்.

மடம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். சித்தாற்றங்கரையில் ஒரு ஓட்டுக் கட்டடம், ஒரு கூடம், ஒரு அடுப்படி, அவ்வளவுதான். அங்கே குரு வடிவம்மா. காவியும் கிடையாது, கழுத்து நிறைய மாலையும் கிடையாது. பெண்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து, ஒருநாள் விசிலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தவர். விசில் போனதே தவிர குரல் போகவில்லை. செண்பகராமனுக்கு வயதில் இளையவர் என்பதால் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். அண்ணாச்சியோ குருவை அம்மா என்பார்.

ஞாயிறுதோறும் வந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து சமைத்துச் சாப்பிடுவது அங்கே வழக்கம். கேள்வி உள்ளவர்கள் காய் நறுக்கும்போது கேட்டுக்கொள்ளலாம். சோறு வெந்துவிட்டால் கேள்வி கிடையாது. பசியோடு ஞானம் பேசுகிறவன் பொய் பேசுவான் என்பது வடிவம்மா கட்சி.

அன்றைக்கு உலை வைப்பதற்கு முன்னாலேயே செண்பகராமன் வாயைத் திறந்துவிட்டார்.

“அம்மா, என் மக மிருதுளாவோட போனைப் பூட்டிட்டேன்.”

“நல்லது.”

“இத்தனை மணிக்கு மேல ஓடாது. நான் சம்மதிக்காம ஒரு ஆப் இறங்காது. அவ எங்க நிக்கான்னு என் போன்ல தெரியும். ஒரு ஓட்டை கிடையாது.”

“ரொம்ப நல்லது. பிறகென்ன?”

“பயம் போகலையே அம்மா.”

வடிவம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

“என்ன பயம்?”

“கொஞ்ச நாளா பிள்ளை சரியில்ல. தட்டுல சோத்தை அளைஞ்சுக்கிட்டே இருக்கா. கேட்டா ஒண்ணுமில்லப்பாங்கா. போன்ல டிங்குன்னு சத்தம் வந்தாலே திடுக்கிடுதா. எவனோ, என்னமோ. அவ அம்மா கேட்டும் வாயைத் திறக்கல.”

“சரி.”

“இப்ப ஒரு ஆப் இருக்கு. அவளுக்கு வர்ற மெசேஜ் பூராவும் அவளுக்கே தெரியாம என் போனுக்கு வந்துரும். அதைப் போட்டுரட்டுமா?”

கீரை ஆய்ந்துகொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பிள்ளையை வேவு பார்க்கலாமா என்று குரு ஒரு பிடி பிடிக்கப்போகிறார் என்று எல்லாருக்கும் ஆவல். வடிவம்மா தேங்காய் மூடியைத் திருப்பிப் பிடித்தார்.

“போடுங்க.”

செண்பகராமனுக்கே தூக்கிவாரிப் போட்டது.

“போடலாமா அம்மா?”

“தாராளமா. அவளை இங்க கூட்டிட்டு வந்து, அவ கண்ணு முன்னால வச்சுப் போடுங்க.”

“அவளுக்குத் தெரியக்கூடாதுன்னுதானே அம்மா அந்த ஆப்பு.”

“அது ஆப்பு செஞ்சவன் சொன்னது. நான் சொல்லுதது இது.”

அடுத்த ஞாயிறு வரை மனுஷருக்குத் தூக்கம் இல்லை. வெறுமனே வா என்றால் சந்தேகப்படுவாள், மடத்தில் பாயசம் என்றால் சிரிப்பாள். கடைசியில், மடத்து அம்மா உன் போனைப் பார்க்கணும்னாங்க என்று பாதி உண்மையைச் சொல்லிக் கூட்டிவந்தார். மிருதுளா ஏழாவது படிக்கிறாள். அப்பாவைப் போலவே நெடுநெடு உயரம், அப்பாவைப் போலவே அழுத்தம். வழியெல்லாம் பைக்கின் பின்னால் ஒரு வார்த்தை பேசாமல் வந்தாள்.

கூடத்தில் வடிவம்மா பூசணிக்காயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். போன வாரம் கீரை ஆய்ந்த பெண்களும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

“ஏளா மிருது, வா. உட்காரு. உங்க அப்பா உன் போன்ல என்னமோ போடணுமாம். என்னன்னு அவரே சொல்லுவாரு.”

ஊரார் வீட்டுக் களவையெல்லாம் திரையில் போட்டுக் காட்டுகிற மனுஷர், சொந்த மகள் முகத்தைப் பார்க்க முடியாமல் பூசணிக்காயைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“உனக்கு வர்ற மெசேஜ் எல்லாம் எனக்கும் தெரியுற மாதிரி ஒரு ஆப். உன் நல்லதுக்குத்தான்.”

மிருதுளா போனை எடுத்து நீட்டினாள்.

அவர் ஆப்பை இறக்கத் தட்டினார். அவர் போட்ட பூட்டின் எண்ணைப் போன் கேட்டது. அவர் எழுந்து சுவர்ப்பக்கம் திரும்பி, போனை நெஞ்சோடு அணைத்து, இடது கையால் மூடிக்கொண்டு அழுத்தப் போனார். திருடன் பின்னால் நின்றாலும் ஒருத்தன் அவ்வளவு மறைக்க மாட்டான்.

“மறைக்காதீங்கப்பா,” என்றாள் மிருதுளா. “எனக்குத் தெரியும்.”

“என்ன தெரியும்?”

“நம்பர். என் பிறந்த தேதிதானே. வீட்டு வைஃபைக்கும் அதான், உங்க ஏ.டி.எம். கார்டுக்கும் அதான், ஆபீஸ் ஷட்டர் பூட்டுக்கும் அதான்.”

கீரைக்காரப் பெண்கள் பக்கென்று சிரித்துவிட்டார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? பிள்ளை பிறந்த தேதியைப் பாஸ்வேர்டாக வைக்காதீங்க என்று ஒவ்வொரு வீட்டிலும் தொண்டை கிழியச் சொல்லிவிட்டு வருகிற ஆள் அவர். ஊருக்குத்தான் உபதேசம்.

அவருக்கு முகம் சிவந்து கோபம் உச்சிக்கு ஏறியது.

“அப்ப இவ்வளவு நாளும் என்னை முட்டாளாக்கியிருக்க! நான் தூங்கின பிறகு திறந்து வச்சு விளையாடியிருக்க!”

“இல்லப்பா.”

“பொய் சொல்லாத.”

“நான் எதுக்குப்பா திறக்கணும்? அந்தப் பூட்டைப் போட்ட அன்னைக்குத்தான் நீங்க நல்லாத் தூங்குனீங்க. அம்மாகூட சொன்னாங்க. சரி, அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.”

செண்பகராமன் நம்பாமல் போனுக்குள் போய்ப் பார்த்தார். பார்க்கத் தெரிந்த ஆள்தானே. நேரம் கடந்து ஓடிய தடம் எங்குமே இல்லை. பிள்ளை சொன்னது அத்தனையும் நிஜம். நெஞ்சுக்குள் என்னவோ உருகியது. ஆனால் ஒரு இடத்தில் விரல் நின்றது. அவள் போனில் விளையாடுகிற விளையாட்டில், முன்பின் தெரியாதவர்கள் பேசுகிற வழி அடைபட்டிருந்தது. மணிக்கணக்கையும் ஆப்களையும் பூட்டியவர் அந்த ஒரு வாசலை மறந்துபோயிருந்தார். அதை அவர் மூடவில்லை.

“இதை யாரு மூடினது?”

மிருதுளா தலையைக் குனிந்துகொண்டாள்.

“நான்தான். ஒரே ஒரு தடவை உங்க நம்பரைப் போட்டேன். அதை மூடுறதுக்கு மட்டும்தான்பா. சத்தியமா.”

“எதுக்கு மூடின?”

கூடத்தில் சிரிப்பு நின்றுபோயிருந்தது. வடிவம்மா கத்தியைக் கீழே வைத்தார்.

“ஒரு அக்கா பேசுவாங்க,” என்றாள் மிருதுளா. “மெட்ராஸ்ல காலேஜ் படிக்கேன்னு சொன்னாங்க. நல்லாத்தான் பேசினாங்க. போட்டோ கேட்டாங்க. பூனைக்குட்டியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருப்பேன்லாப்பா, அதை அனுப்பினேன். பிறகு வேற மாதிரி போட்டோ அனுப்புன்னாங்க. மாட்டேன்னேன். அனுப்பலைன்னா அந்தப் போட்டோவை அசிங்கமா மாத்தி ஸ்கூல் பூரா அனுப்புவேன்னாங்க. ஸ்கூல் பேரும் அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.”

செண்பகராமனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

“இவ்வளவு நடந்திருக்கு, எங்கிட்ட ஏம்ட்டி சொல்லல?”

“சொன்னா போனைப் பிடுங்கிருவீங்க.”

“நான் எதுக்குப் பிடுங்...”

“அண்ணாச்சி,” என்றார் வடிவம்மா. “கை எங்க போகுது?”

அவர் குனிந்து பார்த்தார். எப்போதோ போனைத் தரையில் வைத்துவிட்டு மகள் எதிரில் உட்கார்ந்திருந்தார். மிருதுளா அதை எடுத்து மடியில் வைத்திருந்தாள். அவருடைய வலது கை, அவரைக் கேட்காமலே, அந்த மடியை நோக்கி முக்கால்வாசி தூரம் போயிருந்தது. விரல்கள்கூடப் பறிப்பதற்கு விரிந்திருந்தன.

அவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மகளும் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையைத் திரும்ப இழுக்க அவருக்கு இருந்த பலமெல்லாம் தேவைப்பட்டது. இழுத்தார். இழுத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் பூசணித் துண்டு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டார்.

“பிடுங்க மாட்டேன்,” என்றார். “இனிமே எது வந்தாலும் பிடுங்க மாட்டேன். நீ சொல்லு, அது போதும். நீ ஒரு தப்பும் செய்யலட்டி. அந்த நாய்தான் செஞ்சிருக்கு.”

அப்புறம்தான் பிள்ளை அழுதாள். அத்தனை நாள் அழுகையும் சேர்த்து அழுதாள். அப்பா தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள், அவரும் பூசணிக்காயும் கையுமாக அழுதார். கீரைக்காரப் பெண்களில் ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். வடிவம்மா மட்டும் எழுந்துபோய் உலையில் அரிசியைப் போட்டுவிட்டு வந்தார்.

“போலீசுக்குச் சொல்லணும்ப்பா,” என்றாள் மிருதுளா கண்ணைத் துடைத்துக்கொண்டு. “அதுக்கு ஒரு நம்பர் ஸ்கூல்ல டீச்சர் குடுத்திருக்காங்க. அவங்க பேசினதை அழிக்காம வச்சிருக்கேன்.”

பெயர் கெட்டுப்போகுமே என்று செண்பகராமனுக்கு வாய்வரைக்கும் வந்தது. குருவைப் பார்த்தார். குரு கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சியே அந்தச் சொல்லை விழுங்கிக்கொண்டார்.

“நான் பேசுதேன், குடு.”

“நானே பேசுறேன். எங்கிட்டத்தானே அவங்க பேசினாங்க. நீங்க பக்கத்துல இருங்க.”

கூடத்து நடுவில் நின்றுகொண்டு அந்தப் பிள்ளை பேசினாள் பாருங்கள்! ஊர், பெயர், எப்படித் தொடங்கியது, என்ன மிரட்டினார்கள் என்று ஒன்றுவிடாமல், திக்காமல், திணறாமல். எதிர்முனையில் இருந்தவர் பெரியவங்க யாராவது இருக்காங்களாம்மா என்று கேட்டதற்கு, எங்க அப்பா என் பக்கத்துலதான் இருக்காங்க என்றாள். செண்பகராமன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றார். அந்த நிமிர்வை அவர் கல்யாணத்தில்கூட யாரும் பார்த்ததில்லை.

அன்றைக்குக் கேள்விக்கு நேரமில்லை. சோறு வெந்துவிட்டது. மிருதுளா மூன்றாம் முறை சாம்பார் கேட்டாள். போதும் என்று யாரும் சொல்லவில்லை.

சில வாரங்களில் ஆள் அகப்பட்டான். அக்காவும் இல்லை, காலேஜும் இல்லை. எங்கோ வெளியூரில் மீசை வைத்த ஒரு தடியன். இவளைப்போல இன்னும் பல பிள்ளைகளை மிரட்டிக்கொண்டிருந்திருக்கிறான். முதல் புகார் இந்தப் பிள்ளை கொடுத்தது, மற்றவர்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான் துணிந்து வாய் திறந்தார்கள் என்று இன்ஸ்பெக்டரம்மா வீட்டுக்கே வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். தெருவே எட்டிப் பார்த்தது. பெயர் கெடவில்லை. கெட்டிப்பட்டது.

அதற்கு அடுத்த ஞாயிறு அண்ணாச்சி மடத்துக்கு வந்த தோரணையைச் சொல்லி மாளாது. ஒரு கையில் அல்வாப் பொட்டலம், பின்னால் மகள். உள்ளே நுழைந்ததும் மிருதுளா அடுப்படிப் பக்கம் ஓடிவிட்டாள். அங்கே அவளுக்கு இப்போது ஏகப்பட்ட சிநேகிதம்.

“அந்த ஆப்பு என்னாச்சு அண்ணாச்சி?” என்றார் வடிவம்மா. வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“போடல அம்மா. பழைய பூட்டை மட்டும் வச்சிருக்கோம். எடுத்துரட்டுமான்னு கேட்டேன். இருக்கட்டும்ப்பா, நம்பரை மட்டும் மாத்துங்க, அது ஊருக்கே தெரிஞ்சுபோச்சுன்னுட்டா.”

“யாரு மாத்தினா?”

“ரெண்டு பேரும் உக்காந்து மாத்தினோம். எத்தனை மணிக்குப் பூட்டணும்ங்கிறதும் அவதான் சொன்னா. நான் சொல்லியிருந்தா இன்னும் கொஞ்சம் கூட்டியே குடுத்திருப்பேன்.”

வடிவம்மா சிரித்தார். செண்பகராமன் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். இரண்டு வெண்டைக்காய் நறுக்கினார். பிறகு நிறுத்தினார்.

“அம்மா, ஒண்ணு கேக்கட்டுமா?”

“உலை இன்னும் கொதிக்கல. கேளுங்க.”

“அத்தனை பூட்டு போட்டும் போகாத பயம், இப்ப போயிட்டே. எப்படிப் போச்சு?”

அடுப்படியிலிருந்து மிருதுளாவின் சிரிப்பு கேட்டது. வடிவம்மா அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி வெண்டைக்காயை எடுத்தார்.

“பயம் எங்கயும் போகல அண்ணாச்சி. இவ்வளவு நாளும் நீங்க ஒரு ரூம்ல பயந்துக்கிட்டு இருந்தீங்க, அவ ஒரு ரூம்ல பயந்துக்கிட்டு இருந்தா. இப்ப ரெண்டு பேரும் ஒரே ரூம்ல இருக்கீங்க.”