உண்ணி எரித்த பூவாத்தாள்

மாட்டின் பின்னால் நின்று சாணத்துக்காகக் காத்திருப்பதுதான் பூவாத்தாள் அம்மையாரின் காலைப் பூசை. கேட்கச் சிரிப்பாக இருக்கும். கொன்றைவலசு ஊராருக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஊர் நீறாடி நாதர் கோயிலில் விடிந்ததும் இறைவனின் திருமேனியில் முதலில் விழுவது பாலும் அல்ல, பன்னீரும் அல்ல, திருநீறுதான். அந்தத் திருநீற்றை ஒரு நாளும் தவறாமல் கொடுத்து வந்தவர் அம்மையார்.

அம்மையாருக்குச் சொந்தமாக ஒரு கன்றுக்குட்டிகூடக் கிடையாது. கணவர் இளவயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகளும் இல்லை. ஊர்த் தோட்டங்களில் மாடு கட்டும் கட்டுத்தரைகளைக் கூட்டி, சாணத்தை அள்ளிக் குப்பைக்குழியில் கொட்டுவது அவருடைய வேலை. கூலியாகக் கம்போ சோளமோ கிடைக்கும். குழிக்குப் போகிற சாணம் தோட்டத்துக்காரருடையது. தரையில் விழுமுன் இலையில் ஏந்துகிற ஒரு கைச் சாணம் மட்டும் ஈசனுடையது. அதையும் கேட்டுத்தான் எடுப்பார். நோயில்லாத பசுவின் சாணமாக இருக்க வேண்டும் என்பது முறை. அதை உருட்டிக் காயவைத்து, உமி மூட்டம் போட்டு வேகவைத்து, துணியில் சலித்து, ஒரு கொட்டாங்கச்சியில் கொண்டுபோய்க் குருக்களிடம் கொடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பிவிடுவார்.

ஊரிலேயே மாடுகள் அதிகம் உள்ளவர் மேட்டுத்தோட்டத்து ராசப்பர். வாயும் அவருக்கு அதிகம். "ஏம் பூவாத்தா, இத்தன வருசமாச் சாம்பல் போடறியே, உஞ்சாமி உனக்கு என்னத்தப் போட்டாரு?" என்று கேட்பார்.

"வேல போட்டிருக்காருங்க" என்று சொல்லிவிட்டு அம்மையார் துடைப்பத்தை எடுப்பார்.

அவரிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. சாணம் தந்த மாட்டுக்குப் பதிலுக்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று, அதன் காது மடலிலும் மடிக்காம்போரத்திலும் கடித்துக்கொண்டிருக்கும் உண்ணிகளைப் பிடுங்கி எடுப்பார். ரத்தம் குடித்துக் குண்டுமணியாக உப்பியிருக்கும் அவற்றை நசுக்கமாட்டார். ஈசனுக்காகக் கை நீட்டிய இடத்தில் ஓர் உயிரைக் கொல்லலாமா? எனவே கூடையின் ஓரத்தில் போட்டுக்கொண்டு, அடுத்த தோட்டத்துக்குப் போகும்போது வேலியடியிலோ கட்டுத்தரை மேட்டிலோ உதறிவிடுவார். மாட்டுக்கு அரிப்பு தீர்ந்தது, உண்ணிக்கும் உயிர் மிஞ்சியது என்று அவருக்கு ஒரு நிம்மதி. இதில் என்ன தவறு இருக்க முடியும் என்று நமக்கும்தான் தோன்றும்.

ஓர் ஆண்டு கோடை மழை விட்டபின் ராசப்பர் சந்தையிலிருந்து ஒரு சீமைப்பசுவைப் பிடித்து வந்தார். சில நாட்களில் அதற்குக் காய்ச்சல் கண்டது. அசை போடுவது நின்றது. கண்ணிமையைப் புரட்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளைக் காகிதம்போல் வெளுத்திருந்தது. மூத்திரம் ரத்தமாகப் போயிற்று. சந்தை மாட்டுக்குக் கண் பட்டுவிட்டது என்றார்கள். வேப்பிலை கட்டினார்கள். மாடு செத்துப்போயிற்று.

அது அதோடு நிற்கவில்லை. பக்கத்துக் கட்டுத்தரையில் ஒரு கறவைப்பசு விழுந்தது. பிறகு அதற்கு அடுத்த தோட்டத்தில் ஓர் உழவு எருது. ஏர் பூட்டுகிற பருவத்தில் எருதைப் புதைத்துவிட்டு வந்தவர், மிஞ்சின ஒற்றை எருதின் முன்னால் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். குழந்தைகள் பாலுக்கு அழுதன.

அம்மையார் பாடு திண்டாட்டமாயிற்று. கொன்றைவலசில் நோயில்லாத பசு அரிதாகிவிட்டது. பள்ளத்துவலசுக்கு நடந்தார். அங்கேயும் நோய் வந்தது. அதற்கும் அப்பால் காட்டுவலசுக்கு நடந்தார். பகல் முழுக்கக் கட்டுத்தரை வேலை, அதன்பின் ஒரு கைச் சாணத்துக்காக இந்த நடை. முழங்கால் வீங்கியது. வழியில் புளியமரத்தடியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. ஆனாலும் எழுந்து நடந்தார். சாமிக்கென்ன, கொடுக்க ஆள் இருக்கும்வரை வாங்கிக்கொண்டுதான் இருப்பார்.

சபேசக் குருக்களுக்கே பார்க்கப் பொறுக்கவில்லை. "பூவாத்தா, கடையிலே திருநீறு பொட்டலம் விக்கறது. நாலு மாசம் அதைப் போட்டுக்கறேன். நீ கொஞ்சம் உக்காரு" என்றார்.

"வேண்டாஞ் சாமி. அவருக்குன்னு நாங் குடுக்கறது இது ஒண்ணுதானுங்க. இதுவும் நின்னு போச்சுன்னா அப்பறம் நான் எதுக்குங்க?"

இதற்குள் ஊரில் ஒரு பேச்சுக் கிளம்பியிருந்தது. கிளப்பியவர் ராசப்பர். "நல்லாப் பாருங்க. இவ காலு பட்ட கட்டுத்தரையிலதான் மாடு விழுகுது. இப்ப பள்ளத்துவலசுக்குப் போனா, அங்கயும் விழுந்துருச்சு. பீடை புடிச்ச காலு!" சில தோட்டங்களில் அம்மையாரைக் கண்டதும் படலைச் சாத்தினார்கள். அவர் வெளியே நின்று, சாத்திய படலுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பினார். குருக்கள்தான் கொதித்துப் போனார். "சிவத்தொண்டு செய்யற பாதத்தைப் பீடைங்கறேளே, வாய் அழுகிடாதா!" என்று ராசப்பரைக் கோயில் வாசலிலேயே வைத்துத் திட்டினார். நியாயமான கோபம்தான்.

கடைசியில் கால்நடை மருத்துவர் ஒருவர் வந்தார். மாடுகளின் காது நரம்பில் ரத்தம் எடுத்துப் போய்ச் சோதித்துவிட்டு, மருந்தோடு திரும்பினார். நல்ல மனிதர், நிதானமானவர். ஊராரைக் கோயில் முன்னால் கூட்டி வைத்துப் பேசினார்.

"இது கண்ணேறும் இல்லை, சாமி குத்தமும் இல்லைங்க. மாட்டு ரத்தத்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி பூந்துக்குது. அதை மாட்டுக்கு மாடு கொண்டுபோறது உண்ணி. சீக்கு மாட்டு ரத்தம் குடிச்ச உண்ணி கீழ விழுந்து சந்துபொந்துல முட்டை வைக்கும். அதோட குஞ்சு அடுத்த மாட்டுல ஏறிக் கடிச்சா அதுக்கும் சீக்கு. ஊசி போட்டா சீக்கு மாடு பாதி தேறும். உண்ணி ஒழிஞ்சாத்தான் மிச்சம் பொழைக்கும். அதுவரைக்கும் ஒரு கட்டுத்தரைச் சாணியோ கூளமோ கூடையோ இன்னொரு கட்டுத்தரைக்குப் போகக் கூடாது."

கூட்டத்தின் ஓரத்தில் கூடையோடு நின்றிருந்தார் அம்மையார். பேசாமல் வீட்டுக்குப் போயிருந்தால் ஒருவருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. அவர் போகவில்லை.

"ஏனுங்க, மாட்டுல புடிச்ச உண்ணியக் கொல்லாம, கொண்டுபோயி வேறொரு கட்டுத்தரையில உட்டா என்னாகுமுங்க?"

"அதைவிட ஆகாத காரியம் வேற இல்லைங்க. யாராச்சும் அப்படிப் பண்றாங்களா?"

"நானுங்க" என்றார் அம்மையார். "அல்லாத் தோட்டத்துலயும் நாந்தானுங்க உட்டேன். உசுராச்சேன்னு உட்டேன்."

குருக்கள் தலையைக் குனிந்துகொண்டார். ராசப்பர் மட்டும், "நாந்தான் அப்பவே சொன்னனே, கேட்டீங்களா?" என்றார். மருத்துவர் இரக்கப்பட்டு, மேய்ச்சல் காட்டு வழியாகவும் உண்ணி பரவும், எல்லாம் ஒருவர் தலையில் விழாது என்று ஆறுதல் சொன்னார். அதெல்லாம் அம்மையார் காதில் ஏறவில்லை. அவர் ராசப்பரைப் பார்த்து, "நீங்க சொன்னது நெசந்தானுங்க" என்று கும்பிட்டார்.

பிறகு கோயிலுக்குள் போனார். கருவறை வாசலில் கொட்டாங்கச்சியை வைத்தார். "உனக்குன்னு சொல்லிக்கிட்டு ஊரு மாட்டையெல்லாம் சாகடிச்சுப் போட்டேன். இனி நான் சாணி எடுக்கமாட்டேன். உனக்குச் சாம்பல் இல்ல சாமி. வாயில்லாச் சீவன் பொழைக்கட்டும்." அழுகை வந்தது. அழுதுவிட்டு வெளியே வந்தார். ஆயுளெல்லாம் பிடித்திருந்த ஒரே பிடியை விட்டுவிட்டு வருகிறவரின் நடை எப்படியிருக்குமோ, அப்படி இருந்தது அவர் நடை.

மறுநாள் முதல் அவர் கையில் கூடை இல்லை. சீமெண்ணெய்க் குவளை இருந்தது. ஒரு கட்டுத்தரை முழுதும் முடிந்து, குளித்துச் சேலை மாற்றிய பிறகுதான் அடுத்த கட்டுத்தரைக்குப் போவார். மாட்டின் உடம்பு முழுக்கத் தடவித் தேடி, உண்ணிகளைப் பிடுங்கிச் சீமெண்ணெயில் போடுவார். சுவர்ச் சந்துகளில் சுண்ணாம்பு அடைப்பார். பழைய கூளத்தையெல்லாம் வாரி, குவளையில் செத்த உண்ணிகளையும் அதன்மேல் கொட்டி, அந்தத் தோட்டத்து எல்லைக்குள்ளேயே கொளுத்துவார். முதல் உண்ணியைக் குவளையில் போட்டபோது 'சிவசிவ' என்றார். அடுத்ததற்கும் சொன்னார். பொழுது சாயும்போது சொல்ல வாயில் தெம்பில்லை. உடம்பு அலுத்தது. மனசு அதைவிட அலுத்தது. உயிர்க்கொலை செய்த கை என்று கோயிலுக்குள் நுழைவதையும் நிறுத்திவிட்டார். தெருவில் நின்று கோபுரத்தைப் பார்ப்பார், போய்விடுவார்.

ராசப்பர் முதலில் படலைத் திறக்கவில்லை. "கொன்னது போதாதா? இன்னும் என்ன வேணும்?" என்றார். அம்மையார் படலருகே உட்கார்ந்தார். வெயில் ஏறியது. உள்ளே அவருடைய மிச்ச மாடுகள் உண்ணிக் கடி தாங்காமல் வாலை அடித்துக்கொண்டிருந்தன. உச்சிப்பொழுதில் ராசப்பரே வந்து படலைத் திறந்துவிட்டுப் போனார்.

ஊசி போட்டும் சில மாடுகள் செத்தன. சில தேறின. மெல்ல மெல்ல, புதிதாக விழுகிற மாடு குறைந்தது. அம்மையாரை யாரும் புகழவுமில்லை, மன்னித்தோம் என்று சொல்லவுமில்லை. கம்பு அளந்து போட்டார்கள், அவ்வளவுதான். கோயிலில் கடைத் திருநீறு நடந்துகொண்டிருந்தது. குருக்கள் பொட்டலத்தைப் பிரிக்கும்போதெல்லாம் பெருமூச்சு விடுவார்.

ஒரு நாள் விடியலில் சபேசக் குருக்கள் பூட்டைத் திறந்து, விளக்கைத் தூண்டிவிட்டு ஈசனைப் பார்த்தார். பார்த்தவர் பதறிப்போனார். திருமேனி முழுவதும் சாம்பல். சலித்த வெண்ணீறு அல்ல, கருகிய வைக்கோல் நுனியும் திப்பியுமாகக் கரடுமுரடான சாம்பல். தோட்டத்து எல்லைகளில் எரிகிற கூளத்தின் வாடை கருவறை நிறைய இருந்தது. எவனோ உள்ளே புகுந்து அபசாரம் செய்துவிட்டான் என்று நினைத்தார். ஆனால் பூட்டை அவர் கையாலேயே இப்போதுதான் திறந்தார். கருவறைக்கு வேறு வழியும் கிடையாது. எதுவானாலும் முதலில் கழுவிவிடுவோம் என்று குடத்தைத் தூக்கினார்.

தூக்கிய கை இறங்கவில்லை. "இருக்கட்டும். பூவாத்தாள் கொடுத்தது" என்று ஒரு குரல் கேட்டது.

குருக்கள் குடத்தை அங்கேயே வைத்துவிட்டு ஓடினார். மடியும் ஆசாரமும் அவருக்கு நினைவில்லை. அன்று அம்மையார் இருந்தது ராசப்பரின் கட்டுத்தரையில். ஒரு கிழட்டுப் பசுவின் கழுத்தடியில் குந்தியிருந்தார்.

"உள்ளே வாங்கோம்மா, கோயிலுக்கு வாங்கோ!" என்றார் குருக்கள். அம்மையாரை அவர் 'வாங்கோ' என்று அழைத்தது அதுவே முதல் தடவை. மூச்சு வாங்க வாங்க நடந்ததைச் சொன்னார். பின்னாலேயே ஓடிவந்தவர்களும் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

அம்மையார் தம் கைகளைப் பார்த்தார். "இது ஆகாத கைங்க சாமி. எத்தன உசுரு போயிருக்குது இதுல."

"அந்தச் சாம்பலைத்தான் பூசிண்டு உக்காந்திருக்கார். கழுவ விடமாட்டேங்கறார். நான் என்னம்மா பண்ணுவேன்?"

அம்மையார் பசுவின் கழுத்தில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதுக்கு இன்னும் ஒரு காது பாக்கோணும். முடிச்சுட்டு வாரனுங்க" என்றார்.

ராசப்பர் முன்னால் வந்தார். சீமெண்ணெய்க் குவளையைத் தம் கையில் வாங்கிக் குனிந்து ஏந்திக்கொண்டார். அம்மையார் அவசரப்படவில்லை. காது மடலை விரித்து, ஒவ்வோர் உண்ணியாக எடுத்துப் போட்டார்.

அதுவரை குருக்கள் காத்து நின்றார். ஊரும் நின்றது. திறந்த கருவறையில் நீறாடி நாதரும் குளிக்காமல் அந்தச் சாம்பலோடு காத்திருந்தார். தமக்கிருந்த ஒரே காணிக்கையை வாயில்லாச் சீவன்களுக்காக விட்டுக்கொடுத்த பூவாத்தாள் அம்மையார் வாழ்க.