பத்து வினாடியில் சுவர்

"டீச்சர், குழந்தை தூங்கினதும் காணாமப் போயிடுறா."

"எங்கே?"

"வீடியோ கால்ல. போன ஞாயிறு என் மடியிலதான் கிடந்தா. அம்மாவுக்குத் தெரியல. 'ஏட்டி, புள்ள எங்க?'ன்னு ஒரே அலறல்."

பெர்பெத்துவா டீச்சர், குழந்தையோடு எதிரே உட்கார்ந்திருந்த ஷெர்லினைவிட மூன்று வயது சின்னவர். பங்குக் கோயில் மாடியில் இலவச மென்பொருள்கள் சொல்லிக்கொடுக்கிறவர். அதிகம் பேசமாட்டார்.

ஷெர்லினின் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். நம் பின்னால் இருக்கும் அறையை அழித்துவிட்டு அங்கே வேறு படத்தை வைக்கும் மென்பொருள். படத்தில் ஒரு கூடம், நீலச் சோபா, திரைச்சீலை.

"யார் வீடு?"

"எங்க பழைய வீடு. இன்னும் அங்கதான் இருக்கோம்னு அம்மா நினைச்சிட்டு இருக்காங்க."

"இருக்கோம்னா?"

ஷெர்லின் குழந்தையின் மேல் துண்டைச் சரிசெய்தாள்.

"வீட்டுக்காரர் எங்களை விட்டுட்டுப் போய் நாலு மாசம் ஆச்சு. இவளும் நானும் ஒத்தை ரூம்ல இருக்கோம். அம்மா கேட்டா, குளிக்கிறார்னு சொல்லிடுவேன்."

"நாலு மாசமாவா குளிக்கிறார்?"

ஷெர்லினுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது.

டீச்சர் சொன்னார்: "பத்து வினாடி அசையாம இருக்கிறதை இது சுவர்னு நினைச்சுக்கும். அழிச்சிடும். அவ்வளவுதான் இதுக்குத் தெரியும்."

"அந்தப் பத்தை மாத்த முடியாதா? யார் வேணும்னாலும் உள்ளே போய்த் திருத்தலாம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஒரு நிமிஷ வேலை. முதல்ல இது முன்னால வந்து உட்காருங்க. அசையாதீங்க."

உட்கார்ந்தாள். குழந்தை தோளில் தூங்கியது. அவள் மூச்சையும் அடக்கிக்கொண்டாள்.

திரையில் முதலில் குழந்தை போனது.

பிறகு தோள்.

பிறகு முகம்.

நீலச் சோபா மட்டும் இருந்தது. ஷெர்லினுக்கு எழுந்து ஓடவேண்டும்போல் இருந்தது.

"இப்போ அம்மா எதிர்ல இருக்காங்கன்னு நினைச்சுப் பேசுங்க."

அவள் கண்ணால் கேட்டாள்: என்னத்த?

"எங்கிட்ட சொன்னதை."

பிறகு, குழந்தை விழித்துவிடாமல், "அம்மா, அவர் போயிட்டார்ம்மா" என்றாள்.

சோபாவுக்கு நடுவே ஒரு வாய் மட்டும் தெரிந்தது.

டீச்சர் மடிக்கணினியை மூடி அவள் கையில் கொடுத்தார்.

"பத்தை மாத்தலையே, டீச்சர்?"

"ஞாயித்துக்கிழமைக்கு அப்புறமும் வேணும்னா வாங்க."

ஞாயிறு. பூசை முடிந்து வந்து அம்மா அழைத்தாள்.

"மாப்பிள்ளை எங்கட்டி? இன்னைக்குமா குளிக்காரு?"

ஷெர்லின் பழைய வீட்டுப் படத்தை நீக்கிவிட்டாள். அவள் பின்னால் காரை பெயர்ந்த சுவர் வந்தது. கொடிக்கயிறு வந்தது. அதில் குழந்தையின் ஈரத்துணிகள்.

சொன்னாள்.

அம்மா அசையவில்லை. நெட் நின்றுவிட்டதோ என்று ஷெர்லின் பயந்தாள். அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. மறுபடியும் அடித்தது. அணைக்க யாரும் எழவில்லை.

"அம்மா?"

மூன்றாவது விசிலும் அடித்து ஓய்ந்தது.

"ஏட்டி, அங்க வர எந்த பஸ்ல ஏறணும்?"