பூசணிக்கு முகம் வந்த கதை

செடி கொடிகளும் ஆடு மாடுகளும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஒரு மலையடிவாரத்தில் சிலம்பாயி என்ற பெண்ணும் அவள் புருஷன் காரியும் தனியாகக் குடியிருந்தார்கள். அவர்களுக்கு ஒரு தினைக்காடு இருந்தது, ஒரு மாடு இருந்தது, கூரைமேல் ஒரு பூசணிக்கொடி படர்ந்திருந்தது. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பூவாயி என்று பேர் வைத்தார்கள்.

குழந்தைக்கு ஐந்து மாதம் ஆனபோது வீட்டில் ஒவ்வொன்றாகக் கெட ஆரம்பித்தது. முதலில் மாடு. பானை நிறையக் கறந்துகொண்டிருந்த மாடு ஒருநாள் மடி வற்றி நின்றது. அடுத்த வாரம் வாசலில் பூத்துக் குலுங்கிய முருங்கை, பூவையெல்லாம் ஒரே நாளில் கொட்டிவிட்டது. அதற்கடுத்த வாரம் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. பால் குடிக்கவில்லை. கண்ணைத் திறக்கும், உடனே மூடிக்கொள்ளும்.

சிலம்பாயி மாட்டிடம் போய்க் கேட்டாள்.

“புல்லுலதான் ஏதோ கோளாறு” என்றது மாடு.

“என் புள்ள புல்லா திங்குது?”

மாடு கொஞ்ச நேரம் அசைபோட்டது. “அதுவும் சரிதான். அப்ப எனக்குத் தெரியல.”

முருங்கை, காற்று மாறி அடித்தது என்றது. பிறகு, அப்படி அடித்ததாக நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றது. காக்கை, தண்ணீர்தான் காரணம் என்று சொல்லிவிட்டுப் பறந்துபோனது. காரி எல்லார் பேச்சையும் கேட்டான். புல்லை மாற்றினான், வேறு சுனையில் தண்ணீர் எடுத்தான், கிழக்குப் பார்த்திருந்த தொட்டிலை வடக்கே திருப்பிக் கட்டினான். குழந்தைக்குக் காய்ச்சல் தணிந்தது. எதனால் தணிந்தது என்று தெரியாததால், மூன்றையும் விடாமல் செய்தார்கள். எட்டாம் நாள் மறுபடியும் அனலாகக் கொதித்தது.

அன்றைக்குச் சிலம்பாயி வாசலில் உட்கார்ந்து, யாரைக் கேட்பது என்று தெரியாமல் அழுதாள். அப்போது கூரையிலிருந்து ஒரு குரல் வந்தது.

“நான் ஒண்ணு சொல்லட்டுமா?”

பூசணிக்காய்தான் பேசியது. இலைக்கு அடியில், சாம்பல் பூத்த உடம்போடு கிடந்தது. அது பேசி அவள் கேட்டதே இல்லை.

“இத்தனை நாளா ஏன் பேசல?”

“யாரும் எங்கிட்ட கேக்கலையே” என்றது பூசணி. “உப்புக்காரர் மாட்டைப் பாத்து, என்னமா கறக்குதுன்னார். மறுநாள் பால் இல்ல. முருங்கையப் பாத்து, எம்புட்டுப் பூவுன்னார். சாயங்காலமே கொட்டிப்போச்சு. போன தடவையும் சரி, இன்னைக்கு வெயிலேறறப்பவும் சரி, தொட்டிலைக் குனிஞ்சு பாத்து, அழகுப் புள்ளன்னார்.”

உப்புக்காரர் கடம்பர் எட்டு நாளைக்கு ஒருமுறை கழுதைமேல் உப்பு ஏற்றிக்கொண்டு மலைக்கு வருவார். சிலம்பாயிக்கு இடுப்புவலி எடுத்த அன்று, மழையில் நனைந்தபடி பக்கத்து ஊர் வரை ஓடி மருத்துவச்சியைக் கூட்டிவந்தவர் அவர்தான்.

காரிக்குக் கோபம் வந்துவிட்டது. “அவரையா சொல்ற? அந்த மனுஷன் இல்லைன்னா இந்தப் புள்ளையே இல்ல.”

“நல்லவர்தான். அவர் மனசுல ஒண்ணுமில்ல, கண்ணுலதான் இருக்கு. அவருக்கே அது தெரியாது. வீட்டுக்குள்ள நுழையறப்ப விழற முதல் பார்வைதான் சுடும். அடுத்த பார்வைக்குச் சூடு கிடையாது.”

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வராதீர்கள் என்று எந்த வாயால் சொல்வது? வரச் சொன்னால் பிள்ளை என்னாவது? ஏழு நாளும் இதையே பேசினார்கள். குழந்தை நாளுக்கு நாள் வாடிக்கொண்டே போனது.

எட்டாம் நாள் காலையில் பூசணி சொன்னது: “அந்த முதல் பார்வைய என்மேல விழவைங்க.”

“உன்னை யாரு பாப்பாங்க?” என்றாள் சிலம்பாயி. குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை; உள்ளதைச் சொன்னாள்.

“அதுவும் நெசம்தான். எனக்கு முகம் இல்லையே.”

சிலம்பாயி உள்ளே போய்த் தினை அறுக்கும் அரிவாளை எடுத்துவந்தாள். காயைப் பறித்து மடியில் வைத்துக்கொண்டாள். கல்லைப்போலக் கனத்தது. அந்நாளில் பூசணி உள்ளே முழுக்கச் சதையாகத்தான் இருந்தது.

“வலிக்குமா?” என்றது பூசணி.

“தெரியல” என்றாள்.

இரண்டு கண் வெட்டினாள். ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் வந்தது. மூக்குக்கு ஒரு கீறல் போட்டாள். அகலமாக ஒரு வாயும் அதில் கோணல்மாணலாகப் பற்களும் செதுக்கினாள். வாயில் செம்மண் குழைத்துப் பூசினாள். காரி எட்டிப் பார்த்தான்.

“ஏ புள்ள, இது சிரிக்குதா, முறைக்குதா?”

“எனக்கும் தெரியல மாமா.”

“எனக்கும் தெரியல” என்றது பூசணி. “ஆனா இப்பத்தான் உங்க ரெண்டு பேரையும் நேராப் பாக்கறேன்.”

அதைக் கயிற்றில் கட்டி வாசல் நிலைக்கு மேலே தொங்கவிட்டார்கள். வெயில் ஏறும் நேரத்துக்குக் கழுதையின் மணிச்சத்தம் கேட்டது. சிலம்பாயி குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே நின்றாள்.

கடம்பர் வாசலில் கால் வைக்கப்போனவர் அப்படியே நின்றுவிட்டார். அண்ணாந்து பார்த்தார். இடப்பக்கம் போய்ப் பார்த்தார், வலப்பக்கம் போய்ப் பார்த்தார்.

“யாருய்யா இது? என்னைக் கோவிச்சுக்கிறானா, வாங்கன்னு சொல்றானா?”

உப்புக்காரர் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பூசணியின் உள்ளே ஏதோ காய்வதுபோலச் சன்னமாக ஒரு சத்தம் கேட்டது. காய் ஒருமுறை தானாக அசைந்து நின்றது. அதன் பிறகுதான் அவர் தலையைக் குனிந்து உள்ளே வந்து, குழந்தையைப் பார்த்தார்.

“என்னம்மா, அழகுப் புள்ள இப்படி இளைச்சிருக்கு?”

சிலம்பாயி குழந்தையின் முகத்தையே பார்த்தாள். குழந்தை கண்ணைத் திறந்தது. மூடவில்லை. கொஞ்ச நேரத்தில் பாலுக்கு அழுதது.

சிலம்பாயி வாசலுக்கு ஓடினாள். பூசணியைக் கூப்பிட்டாள். பதில் இல்லை. கயிற்றை அவிழ்த்து இறக்கினாள். கனமே இல்லை. தட்டினால் வெற்றுக்குடம்போல் ஒலித்தது. உள்ளே இருந்த சதை காய்ந்து ஓட்டோடு ஒட்டிப்போயிருந்தது. நடுவில் கொஞ்சம் நாரும் விதையும் மட்டும் தொங்கின. பிள்ளை பிழைத்த சந்தோஷத்தில் சிரிப்பதா, இதைப் பார்த்து அழுவதா என்று தெரியாமல் அங்கேயே நின்றாள்.

கடம்பர் அவள் பின்னால் வந்து நின்றார். “எதுக்கும்மா இதைக் கட்டினீங்க?”

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்த்தபோது சொல்ல வரவில்லை.

“சும்மாதான் அண்ணே.”

“எனக்கும் ஒண்ணு செஞ்சு குடு தாயி” என்றார் அவர். “எங்க வீட்டுல எதுவுமே தங்கறதில்ல. மூணு புள்ள பொறந்துச்சு, மூணும் போயிடுச்சு. இப்ப எம் பொஞ்சாதி மறுபடியும் மாசமா இருக்கா. என்ன பாவம் செஞ்சோம்னு தெரியல. இதைக் கட்டிப் பாக்கறேனே.”

காரி தலையைத் திருப்பிக்கொண்டான். சிலம்பாயி கொடியிலிருந்து இன்னொரு காயைப் பறித்தாள். அதற்கும் ஒரு பெரிய கண், ஒரு சின்னக் கண், கோணல் பல். அவர் அதைக் கழுதைமேல் ஏற்றாமல், தன் தோளிலேயே வைத்துக்கொண்டு மலை இறங்கிப் போனார்.

அடுத்த மழைக்காலத்தில், உப்புக்கு நடுவில் ஒரு துணிமூட்டையோடு வந்தார். மூட்டைக்குள் அவருடைய பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. சிலம்பாயி அதை வாங்கி, பூவாயிக்குப் பக்கத்தில் படுக்கவைத்தாள். கடைசிவரை அவரிடம் அவள் எதுவும் சொல்லவே இல்லை.

அன்று முதல்தான் பூசணிக்காய் உள்ளே கூடாகக் காய்க்கிறது, பேசுவதும் இல்லை. அதில் முகம் வைத்து வீட்டு வாசலில் கட்டுகிற வழக்கமும் அன்று வந்ததுதான். வருகிறவர் நிமிர்ந்து பார்த்து எதற்கு என்று கேட்டால், வீட்டுக்காரர்கள் இன்றைக்கும் “சும்மாதான்” என்றுதான் சொல்கிறார்கள்.