இல்லாத குன்று

நடுக்கடலில், கடலடியைத் துளைத்து எண்ணெய் தேடும் துரப்பணக் கப்பல். அதன் சமையலறையில், சமையல்காரரைத் தவிர, இரண்டு பேர்.

பெருந்தேவி பாறைகளைப் படித்தவர். அருளப்பன் மெஷின் ஓட்டி அலுத்து, அவரிடம் பாறை படிக்க வந்தவர். சீடருக்குத்தான் வயது அதிகம். இருக்கட்டுமே. டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

அன்று அருளப்பன் முகம் செத்துக் கிடந்தது.

கடலடியில் உப்புப் படுகை. அதற்குக் கீழே குன்று மாதிரி மணற்கல், உச்சியில் எண்ணெய் என்று அடித்துச் சொன்னவர் அவர்தான். எதிரொலி வைத்து எடுத்த படம் அப்படித்தான் காட்டியது. துளைத்தார்கள். குன்று இல்லை. தட்டை. உப்புக்குள் ஒலி வேகமாக ஓடும், சீக்கிரம் திரும்பும். ஆழத்தில் கிடப்பது உயரத்தில் தெரியும். ஏமாந்துவிட்டார்.

சாயங்காலம் கம்பெனிக் கூட்டம். இந்தக் கடலை விட்டே போவதா என்று முடிவு செய்வார்கள்.

"போயிரலாம்னு நானே சொல்லிருதேன், டீச்சர்."

"உப்புக்குக் கீழே கருங்களிக்கல் வந்ததே. மோந்து பார்த்தீங்களா?"

"மண்ணெண்ணெய் வாடை. எண்ணெய் ஊறுத கல்லுதான். வாடைய வச்சு வெளக்கா பொருத்த முடியும்?"

பெருந்தேவி சமையல் மேடைப் பக்கம் திரும்பினார். பிசைந்திருந்த சப்பாத்தி மாவை எடுத்துத் தட்டில் பரப்பினார். மேலே ஈரத்துணி போட்டார். ஒரு பக்கம் உள்ளங்கையால் அழுத்தினார். மறுபக்கம் மாவு பிதுங்கி எழுந்தது. துணி அதன்மேல் சாய்ந்தது.

"மேடம், அது சாப்பாடு!" என்றார் சமையல்காரர். யார் கேட்டார்கள்.

"மாவுதான் உப்பு, துணி அதுமேல படிஞ்ச மண். மேலே மண் குவிஞ்சா உப்பு நகரும். நாம துளைச்சது எங்கே?"

அருளப்பன் மேட்டைத் தொட்டார்.

"படத்துல குன்று பெருசா?"

"ரொம்பப் பெருசு. அதுலதான் மோசம் போனேன்."

"உப்பு தடிக்கத் தடிக்கக் குன்றும் பெருசாத் தெரியும். இவ்வளவு உப்பு எங்கேர்ந்து வந்தது?"

அருளப்பன் துணியைத் தூக்கிப் பார்த்தார். அழுத்திய பக்கம் மாவு மெலிந்து தட்டே தெரிந்தது.

"இங்க உப்பு மூடி கிழிஞ்சிருக்கு. எண்ணெய் இது வழியா மேல ஏறியிருக்கும்."

"ஏறி?"

அருளப்பன் விரல் துணிக்கு அடியில் சரிவோடு நகர்ந்தது. மாவுச் சுவரில் முட்டி நின்றது. அங்கேயே நின்றது.

அருளப்பன் நிமிர்ந்தார். "இந்த உப்புச் சுவர் ஓரமா இன்னொரு கெணறு கேக்கலாம். ஆனா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு, டீச்சர்? தப்புப் பண்ணவன் நான்லா?"

"அதையே முதல்ல சொல்லுங்க. எவ்வளவு பெரிய தப்புன்னும் சொல்லுங்க. எங்கே துளைக்கணும்னு அதுதான் காட்டுது."