கர்னல் போட்ட பலகை

ராணுவ அதிகாரிப் பயிற்சிக்கு ஆள் எடுக்கும் மைதானம் அது. மணப்பாட்டு மீனவர் மகள் அமலிக்கு வயது வரம்புப்படி இதுவே கடைசி வாய்ப்பு. பள்ளத்தைத் தாண்டி ஒரு பெட்டியைக் கொண்டுபோக வேண்டும். அதற்கு ஒரு கயிறும் ஒரு பலகையும் வைத்திருந்தார்கள். தேர்வு நடத்திய கர்னல் கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு, குட்டையான பலகையை மட்டும் விட்டுவைத்தார்.

"அதிகாரி வாயில 'முடியாது'ங்கிற பேச்சே வரக்கூடாது. அப்படிச் சொன்ன ரெண்டு பேரை இப்போதான் வீட்டுக்கு அனுப்பினேன். உதவிக்கு இங்கே யாரை வேணும்னாலும் கூப்பிடு. நீ சொல்றதை அவங்க செய்யணும்."

அமலி பள்ளத்தைப் பார்த்தாள்.

"அப்போ நீங்களே வாங்க சார். பலகையை அக்கரைக்குப் போடுங்க."

சொன்ன சொல்லுக்காகக் கர்னல் வந்தார். பலகை எட்டவில்லை. குப்புறப் படுத்து நீட்டினார். தொப்பிதான் பள்ளத்தில் விழுந்தது.

"கயிறு இல்லாம முடியாதும்மா."

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. அமலி சிரிக்கவில்லை.

"உள்ளதைச் சொன்னீங்க சார். உங்களை நான் வீட்டுக்கு அனுப்பமாட்டேன். கயிற்றை எடுத்துட்டு வாங்க."

பெட்டி அக்கரை சேர்ந்தது. அமலி தேர்வானாள். ஆனால் கர்னல் அதற்கும் முன்பே ஒன்று செய்தார். வாசலில் பஸ்ஸுக்கு நின்ற அந்த இருவரையும், தானே நடந்துபோய்த் திரும்பக் கூப்பிட்டார்.